கையெழுத்தை வீட்டுப்பாடமாக அனுப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளைகளின் கையெழுத்து மோசமாகிவிட்டது என்று பேச்சு வந்தாலே பழி செல்போன் மேல்தான் விழுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுது எழுது என்று சொல்கிறோமே தவிர, எப்படி எழுதுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டுவதில்லை. ஒரு பக்கம் காப்பி எழுதிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டு மறுநாள் டிக் போட்டுக் கொடுத்தால், முதல் வரியில் தப்பாக எழுதியதையே பிள்ளை கடைசி வரி வரைக்கும் பழகிக்கொண்டு வந்திருக்கும்.

தமிழில் கை எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் சுழிக்கிறது என்பதுதான் முக்கியம். ழ-வைக் கீழிருந்து மேலே எழுதுகிற பிள்ளைகள் உண்டு. எழுதி முடித்த நோட்டைப் பார்த்தால் சரியாகத்தான் தெரியும், எழுதும்போது பார்த்தால்தான் தப்பு பிடிபடும், அப்போது திருத்தாவிட்டால் பெரிய வகுப்பில் வேகமாக எழுதும்போது அந்த எழுத்து உருக்குலைந்து போகும். ன-வுக்கு இரண்டு சுழி, ண-வுக்கு மூன்று சுழி என்று வாயால் சொன்னால் போதாது. ர-வின் அடியில் வருகிற சாய்கோட்டை விட்டுவிட்டால் அது துணைக்கால் ஆகிவிடும். அப்புறம் உகர, ஊகார வரிசைகள் இருக்கின்றன. 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் ணா, றா, னா, லை, ளை எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட்டன, ஆனால் கு, சு, து, கூ, மூ எல்லாம் இன்றைக்கும் ஆளுக்கொரு வடிவம்தான். இதைப் பிள்ளை தானாகவே பார்த்துப் பழகிக்கொள்ளும் என்று விட்டுவிடலாமா?

நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில் ஆசான் பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் எழுத வைத்தார். இன்றும் விஜயதசமிக்கு அரிசியில் அப்படித்தான் ஏடு தொடங்குகிறோம். அந்த ஒரு நாளோடு விரலைப் பிடிப்பது நின்றுவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரைக்கும் எல்கேஜியிலேயே நாலு கோடு நோட்டு, அடுத்த வருஷமே ஆங்கிலக் கூட்டெழுத்து என்று பெற்றோரே கேட்டு வாங்குகிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். மூன்றரை வயதில் விரல் தசைகள் உறுதிப்பட்டிருக்காது, பென்சிலை முஷ்டியால் இறுக்கிப் பிடிக்கும் பழக்கம் அங்கேதான் ஒட்டிக்கொள்கிறது, பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. அந்த வயதில் களிமண் பிசையட்டும், பாசி கோர்க்கட்டும், கொழுக்கட்டை மாவு உருட்டட்டும்.

இடது கையால் எழுதும் பிள்ளையை இன்னும் சில இடங்களில் அதட்டிக் கையை மாற்றுகிறார்கள். இது கூடவே கூடாது. நோட்டைக் கொஞ்சம் வலப்பக்கமாகச் சாய்த்து வைத்துக் கொடுத்தால் அந்தப் பிள்ளைக்கும் கை சுலபமாக ஓடும்.

இம்போசிஷன் இன்னொரு கேடு. தண்டனையாக நூறு தடவை எழுதுகிற பிள்ளை எப்போது முடியும் என்றுதான் பார்க்குமே தவிர எழுத்தைப் பார்க்காது. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டிலும் மூன்று மணி நேரம் கையால்தான் எழுதப் போகிறார்கள், அதற்கு முன்பே எழுதுவதை வெறுக்க வைத்துவிடுகிறோம்.

முதல் மூன்று வகுப்புகளுக்கும் தினமும் பதினைந்து நிமிடம், ஆசிரியர் கண் முன்னால், ஒரு நாளைக்கு இரண்டே எழுத்து போதும். வரும் கல்வியாண்டில் இதைப் பாடவேளையிலேயே சேர்க்கவும், இம்போசிஷனை நிறுத்தவும் மாவட்டக் கல்வி அலுவலகம் எல்லாப் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
தக்கலை