நாய்த்தோல் நோட்டு

ரங்கூன்,
ஜனவரி 18

அன்புள்ள நண்பா,

நீ கொடுத்தனுப்பிய கடிதமும் அதிரசமும் பொங்கலுக்கு மறுநாள் வந்து சேர்ந்தன. அதிரசம் பாதி உடைந்திருந்தது. ருசி உடையவில்லை, அரை நாளில் டப்பா காலி.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். புத்தாண்டுக்குப் பத்துத் தீர்மானமா! நடை, யோகா, சர்க்கரையைக் குறைப்பது, போனைக் குறைப்பது, மருமகளிடம் கோபப்படாமல் இருப்பது... எழுபது வயதில் இது உனக்கே கொஞ்சம் அதிகமாகத் தெரியவில்லையா? கடைசியில் ‘நீ எப்படிடா சமாளிக்கிறாய்’ என்று வேறு கேட்டிருக்கிறாய். நான் எங்கே சமாளித்தேன்! போன வருடம் ஏழு எழுதிச் சுவரில் ஒட்டினேன். தை பிறப்பதற்குள் பேப்பர் மட்டும்தான் மிச்சம்.

இந்த வருடம் இரண்டே இரண்டு. புகையிலை வெற்றிலையை விடுவது ஒன்று. பேத்திக்குத் தினமும் கால் மணி நேரம் தமிழ் எழுதக் கற்றுக்கொடுப்பது இன்னொன்று.

உனக்குத் தஜாமின் ஞாபகம் இருக்கிறதா? தின்ஜானுக்கு, அதான் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு, வானத்திலிருந்து இறங்கி வருவாரே, நம்ம இந்திரன்தான். ஒரு கையில் தங்க ஏடு, மறு கையில் நாய்த்தோல் ஏடு. நல்லது செய்தவன் பெயர் தங்கத்தில், கெட்டது செய்தவன் பெயர் தோலில். அரிசி உருண்டைக்குள் வெல்லத்துக்குப் பதில் மிளகாயை வைத்து நீ எனக்குக் கொடுத்த வருடம், தோல் ஏட்டில் உன் பெயர் ஏறிவிட்டது என்று என் அம்மா சும்மா சொல்ல, நீ இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாயே! அதற்கு அடுத்த வருடம்தான், 1965இல், நீ கப்பலேறிப் போனாய். அந்த ஏட்டுக்குப் பயந்துதான் போய்விட்டாய் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதை வைத்துத்தான் இந்தத் தடவை இரண்டு நோட்டு வாங்கினேன். ஒன்றில் செய்தது, மற்றதில் தவறியது. நல்ல நோட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை, வெறும் டிக் அடையாளம்தான். தோல் நோட்டில்தான் சமாசாரம். வெற்றிலை போட்டுவிட்டால் எங்கே, எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் என்று எழுத வேண்டும் என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். 18 நாளில் ஏழு தடவை தவறியிருக்கிறேன். முதல் தடவை ஜனவரி 4. பர்மாவின் சுதந்திர தினம், தெருவில் பிள்ளைகள் சாக்கு ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தார்கள், நானும் குஷியில் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன். சரி, அது திருவிழாக் கணக்கு, விடு. மீதி ஆறும் ஒரே இடம், ஒரே நேரம். காலை டீக்கடை, வாசல் பக்கத்துக் குட்டை ஸ்டூல், மூன்றடி தள்ளி வெற்றிலைக்காரர். இத்தனை வருடமும் எனக்கு மனவுறுதி இல்லை என்றே நினைத்திருந்தேன். பார்த்தால் அந்த ஸ்டூல்தான் எதிரி!

வெற்றிலைக் கடை இல்லாத முனை ரங்கூனில் எங்கே இருக்கிறது? அதனால் கடையை மாற்றவில்லை, டீக்குச் சரியான காசை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். நாலு நாள் ஓடியது. இன்று காலை பக்கத்து ஸ்டூல்காரர் தன் காசில் வாங்கிக் கொடுத்துவிட்டார். மரியாதைக்கு வாங்கிக்கொண்டேன் என்று எழுதினேன், அப்புறம் ‘மரியாதைக்கு’ என்பதை அடித்துவிட்டேன். நாளை முதல் உள்ளே, சமையற்கட்டு ஓரத்து ஸ்டூல்.

பேத்தி விஷயம் வேறு மாதிரி. இங்கே கரண்டு முறை வைத்துத்தான் வரும், அந்த முறையும் சொன்னபடி நடக்காது. கரண்டு போனால் டிவி இல்லை, அவளுக்கும் போக்கிடம் இல்லை. ஆகவே கரண்டு போனால் தமிழ் நோட்டு என்று வைத்துவிட்டேன். மணி பார்த்துத் தொடங்கிய போதெல்லாம் மூன்றே நாளில் நின்றது, இது நிற்கவில்லை. போன வாரம் ஒரு நாள் ராத்திரி முழுக்க விளக்கு எரிந்தது. ‘தாத்தா, இன்றைக்குக் கரண்டு போகலையே, லீவா?’ என்று கேட்கிறாள்!

பள்ளிக்கூடத்தில் பர்மிய எழுத்து எழுதிப் பழகிய கை. நம்ம ‘ப’வும் அவர்கள் ‘ப’வும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான், அவர்கள் மூலையை வளைத்துவிட்டார்கள். அதனால் அவள் எழுதும் ‘படம்’ உருண்டு உருண்டு இருக்கும். திருத்த மனசு வரவில்லை. நம்ம பள்ளியை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு எனக்குத் தமிழை மிச்சம் வைத்தது கோயில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புதான். இவளுக்கு அதுவும் இல்லை, நான்தான். 247 எழுத்தில் உயிர் 12 முடிந்தது, மெய்யில் ‘ற்’ வரை வந்துவிட்டோம்.

லண்டனில் நடந்த ஒரு ஆராய்ச்சியைப் பற்றி மகன் சொன்னான். 96 பேருக்கு ஆளுக்கொரு புதுப் பழக்கம். அது தன்னால் வருகிற அளவுக்குப் படிய நடுவாந்திரமாக 66 நாள், சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள் கூட என்று கணக்கு வந்ததாம். ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய நஷ்டம் இல்லை என்றும் பார்த்திருக்கிறார்கள். 21 நாள் போதும் என்று ஊரெல்லாம் சொல்வது சும்மா. ஆனால் இது புதிதாகப் படிவதற்கான கணக்கு. அறுபது வருடத்துச் சனியனை விடுவதற்கு யார் கணக்குப் போட்டார்களோ!

உன் பத்தில் எட்டை அடித்துவிடு என்பேன். மருமகள் விஷயத்தை மட்டும் அடிக்காதே. கோபம் வந்த நேரத்தை ஒரு மாதம் எழுதிப் பார். காலைக் காப்பிக்கு முன்னால்தான் எல்லாம் வரும் என்று பந்தயம் கட்டுகிறேன். தோற்றால் உனக்கு இங்கிருந்து ஊறுகாய்த் தேயிலை ஒரு கிலோ. நான் ஜெயித்தால், அடுத்து வருகிற ஆள் கையில் அதிரசம், இந்தத் தடவை தகர டப்பாவில். தின்ஜானுக்குள் உன் தோல் நோட்டுக் கணக்கு எனக்கு வந்தாக வேண்டும்.

இன்னும் நாலு வரி எழுதலாம் என்றிருந்தேன். கரண்டு போய்விட்டது. பேத்தி நோட்டோடு வந்து நிற்கிறாள்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்