விடுமுறை நாளில் கடை திறப்பது பற்றி வணிகர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணிகர் சங்கங்களின் தலைவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

நான் ஒரு பெரிய துணிக்கடையில் 19 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். முதல் 11 ஆண்டுகள் விற்பனைப் பிரிவில் நின்றேன். அதன் பிறகு தள மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். பொது விடுமுறை நாளில் யார் யார் வேலைக்கு வரவேண்டும் என்ற பட்டியலை எழுதுவது அன்றிலிருந்து என் பொறுப்பு.

அந்தப் பட்டியல் எப்படித் தயாராகிறது என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. விடுமுறைக்குப் பத்து நாள் இருக்கும்போது மேலாளர் என்னை அழைப்பார். "கடை திறந்திருக்கும், முப்பது பேர் வேண்டும், விருப்பமுள்ளவர்களைக் கேட்டு எழுதுங்கள்" என்பார். மறுநாள் காலை, ஷட்டர் தூக்குவதற்கு முன்னால், கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்துவேன். "யாருக்கு வர முடியும்?" என்று கேட்பேன். கூடுதல் சம்பளம் தேவைப்படுகிற நான்கைந்து பேர் உடனே கை தூக்குவார்கள். அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அதோடு சரி, அப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மீதி இருபத்தைந்து பெயரை நான்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

மறுக்க முடியாதவர்கள் யார் என்று இத்தனை ஆண்டில் எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாதவர்கள், கடை விடுதியில் தங்கியிருப்பவர்கள், போன மாதம் லீவு கேட்டு வாங்கியவர்கள், கடையில் முன்பணம் வாங்கிக் கடனில் இருப்பவர்கள். சென்ற முறை அப்படி ஒரு பெண்ணின் முன்னால் போய் நின்றேன். கையிலிருந்த அளவு நாடாவைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடியும் சுருட்டினாள். என் முகத்தைப் பார்க்காமலே, "எழுதிக்கொள்ளுங்கள் அக்கா" என்றாள். எழுதிக்கொண்டேன். நோட்டின் தலைப்பில் "விருப்பத்தின் பேரில்" என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

அந்த இரண்டு சொற்கள் பொய் என்று உங்களிடம் சொல்லத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

ஆண்டில் சில விடுமுறை நாட்களிலாவது கடையை மூடலாம் என்று என் முதலாளியிடமே சொல்லலாமே என்று நீங்கள் கேட்கலாம். சொன்னேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. "நான் மூடிவிடுகிறேன் அம்மா, எதிர்க்கடைக்காரர் மூடுவாரா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எதிர்க்கடைக்காரரிடம் போய்க் கேட்டிருந்தாலும் இதே கேள்விதான் திரும்பி வந்திருக்கும். தனியாக மூடுகிறவருக்கு நட்டம், எல்லாரும் சேர்ந்து மூடினால் யாருக்கும் நட்டமில்லை. எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கக்கூடிய இடம் உங்கள் சங்கம் ஒன்றுதான். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அன்றைய வியாபாரம் போய்விடுமே என்ற கவலை எனக்கும் புரிகிறது. ஆனால் கடை மூடியிருந்த நாட்களின் முன்னும் பின்னும் தளத்தில் நின்றிருக்கிறேன். மூடப்போகிறோம் என்ற அறிவிப்பு வாசலில் இருந்தால் முந்தின நாள் மாலை பில் போடுமிடத்தில் வரிசை நீளும். அன்றும் வாங்க முடியாதவர்கள் மறுநாள் வருவார்கள். சட்டை தேவைப்படுகிறவர் ஒரு நாள் முன்னால் வாங்குவார், அல்லது ஒரு நாள் கழித்து வாங்குவார். கடை மூடியிருந்தது என்பதற்காக அவர் சட்டையே வேண்டாம் என்று இருந்துவிடப் போவதில்லை.

"அன்றைக்கு வேலை பார்த்தால் வேறொரு நாள் லீவு தருகிறோமே" என்பது அடுத்த பதில். பல நாட்டுச் சட்டங்களிலும் இந்த மாற்று விடுமுறை இருக்கிறது. அது நல்ல ஏற்பாடுதான், ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் அந்த மாற்று நாளை நான் பலமுறை வாழ்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு புதன்கிழமை. பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டார்கள், கணவர் வேலைக்குப் போய்விட்டார், அக்கா வீட்டில் யாரும் இல்லை. துணி துவைத்தேன், தூங்கினேன், மாலையில் பிள்ளைகள் வந்ததும் வீட்டுப்பாடம். உடம்புக்கு ஓய்வு கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் பொது விடுமுறை என்பது உடம்பின் ஓய்வுக்காக மட்டும் ஏற்பட்டதா? எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு என்பதால்தானே அதன் பெயரிலேயே "பொது" என்று இருக்கிறது?

இதை ஒரு நாடே சோதித்துப் பார்த்த வரலாறு உண்டு. 1929இல் சோவியத் ஒன்றியத்தில் எந்திரங்கள் ஒரு நாளும் நிற்கக்கூடாது என்பதற்காக ஞாயிற்றுக்கிழமையையே எடுத்துவிட்டார்கள். தொழிலாளர்களை ஐந்து பிரிவாகப் பிரித்து ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறம் கொடுத்தார்கள். நான்கு நாள் வேலை, ஐந்தாம் நாள் ஓய்வு. கணக்குப் பார்த்தால் முன்பைவிட ஓய்வு நாட்கள் அதிகம். ஆனால் கணவனுக்கு ஒரு நிறம், மனைவிக்கு வேறு நிறம், நண்பனுக்கு மூன்றாவது நிறம் என்றாகிவிட்டது. ஓய்வு இருந்தது, சேர்ந்திருக்க ஆள் இல்லை. மக்கள் வெறுத்தார்கள். 1931இல் எல்லாருக்கும் பொதுவான ஓய்வு நாளோடு ஆறு நாள் வாரம் வந்தது. 1940இல் ஏழு நாள் வாரமும் ஞாயிறும் திரும்பி வந்தன. அத்தனை அதிகாரம் படைத்த அரசாலும் பதினோரு ஆண்டுக்கு மேல் ஞாயிற்றுக்கிழமையை ஒழித்துவைக்க முடியவில்லை. அந்த நிற அட்டைகளைப் பற்றி முதன்முதலில் படித்தபோது என் நோட்டுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் இதைக் கவனித்திருக்கிறது. ஆலைத் தொழிலாளர்களுக்கு வார ஓய்வு வேண்டும் என்ற உடன்படிக்கையை அது 1921லேயே கொண்டுவந்தது. கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு அதே ஓய்வு 1957இல்தான் வந்தது. எங்களை நினைத்துப் பார்க்க உலகத்துக்கு 36 ஆண்டுகள் கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கின்றன! இருந்தாலும் அந்த 1957 உடன்படிக்கையில் ஒரு நல்ல வரி இருக்கிறது. ஏழு நாளில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு தரவேண்டும் என்று சொல்வதோடு, முடிந்தவரை ஒரு நிறுவனத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தரவேண்டும், அந்த நாட்டு வழக்கத்தில் எது ஓய்வு நாளோ அந்த நாளிலேயே தரவேண்டும் என்கிறது. நான் கேட்பதும் இதையேதான்.

போட்டி அதிகமுள்ள நாடுகளில் இது நடக்காது என்று சொல்வார்கள். நியூசிலாந்தில் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெரிய வெள்ளி, ஈஸ்டர் ஞாயிறு, கிறிஸ்துமஸ் ஆகிய மூன்று நாளும், போர் வீரர்களை நினைவுகூரும் ஆன்சாக் நாளில் மதியம் 1 மணி வரையும் பெரும்பாலான கடைகள் மூடியிருக்க வேண்டும். ஆண்டுக்கு மூன்றரை நாள், அவ்வளவுதான். இங்கிலாந்திலும் வேல்சிலும் 280 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கக்கூடாது என்று 2004இல் சட்டம் போட்டார்கள். சிறு கடைகளுக்குத் தடை இல்லை. ஜெர்மனியில் ஞாயிறும் அரசு விடுமுறைகளும் ஓய்வு நாட்கள் என்பது அரசமைப்பிலேயே இருக்கிறது. 1919இல் எழுதிய விதியை இன்றுவரை வைத்திருக்கிறார்கள். இவையெல்லாம் வணிகம் தெரியாத நாடுகள் அல்ல.

ஹங்கேரியில் நடந்ததையும் மறைக்க விரும்பவில்லை. 2015 மார்ச்சில் அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகளை மூடச் சொன்னார்கள். மக்களுக்குப் பிடிக்கவில்லை, அடுத்த ஆண்டு ஏப்ரலில் சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். வாரம் முழுதும் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் கடைக்குப் போகக் கிடைக்கிறது, அதையும் பிடுங்கினால் கோபம் வரத்தான் செய்யும். அதனால்தான் நான் ஞாயிற்றுக்கிழமைகளைக் கேட்கவில்லை. ஆண்டில் நான்கு நாள் கேட்கிறேன். எந்த நான்கு என்பதை அந்தந்த ஊரின் சங்கமும் அங்குள்ள ஊழியர்களும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளட்டும்.

மருந்துக்கடை, பெட்ரோல் நிலையம், குடும்பத்தினரே நடத்தும் சின்னக் கடை ஆகியவற்றை இதில் சேர்க்கக்கூடாது. சொந்தக் கடையில் தானே உட்காருகிறவரை மூடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இப்போது முதலில் கை தூக்கிய அந்த நான்கைந்து பேருக்கு வருகிறேன். எனக்கு மிகவும் சங்கடமான இடம் இதுதான். அவர்களில் ஒருவர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒரு விடுமுறையையும் விடாமல் வருகிறவர். கடை மூடினால் அவருக்கு அந்த இரட்டைச் சம்பளம் இல்லை. "அக்கா, உங்கள் நல்ல எண்ணத்துக்கு நான் விலை கொடுக்க வேண்டுமா?" என்று என்னிடமே கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. வழக்கமான சம்பளம் போதாததால்தான் அவருக்கு விடுமுறை நாள் சம்பளம் தேவைப்படுகிறது என்று விளக்கம் சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் கட்டணம் கட்டவேண்டிய தேதியில் அந்த விளக்கம் உதவாது. ஆகவே மூடுகிற அந்த நான்கு நாளுக்கும் முழுச் சம்பளம் தரவேண்டும். மற்ற விடுமுறைகளில் கடை திறந்தால் கூடுதல் சம்பளத்தோடு முதல் வாய்ப்பு இவரைப் போல விரும்பிக் கேட்பவர்களுக்கே போகவேண்டும். அந்த நாள் தன் பண்டிகை இல்லை என்பதால் வர விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இது பொருந்தும், பதிலுக்கு அவர்களின் பண்டிகையன்று அவர்கள் பெயர் பட்டியலில் வரக்கூடாது.

ஆக, திறந்திருக்கும் விடுமுறைகளில் பட்டியல் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதுதான் நான்கு நாள் மூடுவதைவிடவும் முக்கியம் என்று நினைக்கிறேன். நியூசிலாந்துச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. ஈஸ்டர் ஞாயிறன்று கடை திறக்க அனுமதியுள்ள ஊர்களில், அன்று வேலைக்கு வரமாட்டேன் என்று கடை ஊழியர் மறுக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. அப்படி ஓர் உரிமை இருக்கிறது என்பதை முதலாளியே முன்கூட்டி எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டும். அந்தப் பெண்ணின் கையில் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் அளவு நாடாவை அத்தனை முறை சுருட்டியிருக்க மாட்டாள்.

உங்கள் உறுப்பினர் கடைகளில் இதைக் கொண்டுவரச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வர விரும்புகிறவர் தாமே பெயர் எழுதிப் போடுவதற்கு ஒரு பெட்டி வையுங்கள். மேற்பார்வையாளர் ஆளுக்கு ஆள் முன்னால் போய் நின்று கேட்கும் வழக்கத்தை நிறுத்துங்கள், ஏனென்றால் முகத்துக்கு நேரே கேட்டால் எங்களில் பலருக்கு இல்லை என்று சொல்ல வராது. வராதவரின் பெயரை அடுத்த சம்பள உயர்வின்போது எடுத்துப் பார்க்கக்கூடாது. பெட்டியில் முப்பது பேருக்குப் பதில் பன்னிரண்டு பேர்தான் விழுந்தால், ஒரு தளத்தை மட்டும் திறங்கள், அல்லது அரை நாள் திறங்கள்.

வாடிக்கையாளர்களுக்காகவும் ஒரு வார்த்தை. விடுமுறையன்று கடைக்கு வருகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன், கடை திறந்திருந்தால் வரத்தான் செய்வார்கள். அவர்களில் சிலர் எங்களிடம், "இன்றைக்குமா உங்களுக்கு வேலை? பாவம்" என்று அன்போடு கேட்பார்கள். சிரித்துக்கொண்டே அடுத்த புடவையை விரிப்போம். சென்ற விடுமுறையில் உடை மாற்றும் அறையின் பக்கம் போனபோது உள்ளிருந்து மெல்லிய குரல் கேட்டது. எங்கள் பிரிவுப் பெண் ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். "இல்லையடா கண்ணா, ஒன்பது மணிக்குள் வந்துவிடுவேன். நீ தூங்காமல் இரு." கடை அடைத்துச் சரக்கு அடுக்கிக் கணக்கு முடிக்க அன்று பத்தரை ஆனது. அவளைப் பட்டியலில் எழுதியதும் நான்தான்.

உங்கள் அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேச ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கடை ஊழியர்கள் மூன்று பேரையாவது உள்ளே அழைத்துப் பேச விடுங்கள். அவர்கள் யார் என்பதை முதலாளிகள் தேர்ந்தெடுக்க வேண்டாம், ஊழியர்களே தேர்ந்தெடுக்கட்டும். கூப்பிட்டால் என் நோட்டை எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன். எட்டு ஆண்டுப் பட்டியல்களும் அதில் இருக்கின்றன. எந்தப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு துணிக்கடையின் தள மேற்பார்வையாளர்