அஸ்ட்ரூட் ஜில்பெர்ட்டோவின் கதையை 1964இல் முடிக்காதீர்கள்

சாம்பாவும் ஜாஸும் கலந்த பிரேசில் இசையான போஸா நோவாவின் வரலாற்றை எழுதும் இசை விமர்சகர்களுக்கு,

வணக்கம்.

2023 ஜூன் 5 அன்று பிரேசில் பாடகி அஸ்ட்ரூட் ஜில்பெர்ட்டோ பிலடெல்பியாவில் காலமானார். அந்த வாரம் வந்த அஞ்சலிக் கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்தேன். பெரும்பாலானவை ஒரே கதையைச் சொல்லின. 1963 மார்ச், நியூயார்க் ஒலிப்பதிவுக்கூடம். கிட்டாருடன் கணவர் ஜுவாவ், சாக்ஸபோனுடன் ஸ்டான் கெட்ஸ், பியானோவில் ஜோபிம். ஆங்கிலம் தெரியும் என்பதால் தற்செயலாக மைக் முன் நின்ற மனைவி. இபனேமா பெண்ணைப் பற்றிய 'த கேர்ள் ஃப்ரம் இபனேமா' பாட்டு. 1964இல் 'கெட்ஸ்/ஜில்பெர்ட்டோ' இசைத்தட்டு, அடுத்த ஆண்டு கிராமி. அதன் பிறகும் அவர் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் வாழ்ந்தார். அவற்றுக்கு இரண்டு வரி ஒதுக்கியிருந்தீர்கள்.

முதலில் அந்தத் 'தற்செயல்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். 1960இலேயே ரியோவின் கட்டடக்கலைக் கல்லூரியில் நடந்த போஸா நோவா கச்சேரியில் ஜுவாவுடன் மேடையேறிப் பாடியவர் அவர். நியூயார்க் பதிவுக்காக அவர் கையில் கொடுத்தது 120 டாலர் என்று பரவலாகச் சொல்கிறார்கள். முதலில் வந்த தட்டின் முன் உறையில் அவர் பெயரே இல்லை. ஒருவருடைய திறமையைத் தற்செயல் என்று சொல்லிவிட்டால் கூலியைக் குறைப்பதும் பெயரை விடுவதும் சுலபம். அதே சொல்லை இன்றும் நீங்கள் எழுதும்போது எனக்கு நெஞ்சு எரிகிறது.

இந்த மடலை எழுதத் தூண்டியது இன்னொரு தட்டு. 1980களின் பிற்பகுதியில் பாலிடார் நிறுவனம் வெளியிட்ட 'பிளஸ்'. அஸ்ட்ரூட்டும் ஜெர்மானியரான ஜேம்ஸ் லாஸ்ட்டின் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து செய்தது. 1977இல் வந்த தட்டில் டிரம்பெட் கலைஞர் செட் பேக்கருடன் ஒரு பாட்டைப் பாடியவர், பிறகு ஏறக்குறைய பத்து ஆண்டுகள் தட்டுகளில் அதிகம் தென்படவில்லை. அந்த மௌனம் கலைந்த இடம் இது. இதற்கு உங்கள் கட்டுரைகளில் ஒரு பத்திகூடக் கிடைக்கவில்லை.

காரணம் எனக்குப் புரிகிறது. லாஸ்ட் என்றதும் உங்களில் பலருக்கு முகம் சுளிக்கிறது. 1965 முதல் வரிசையாக நடனத் தட்டுகள் போட்டவர், கோடிக்கணக்கில் விற்றவர், எல்லோர் வீட்டு விருந்திலும் ஒலித்தவர்; ஆகவே மலிவு என்று முத்திரை குத்தியாயிற்று. ஆனால் அந்த மனிதர் பிரேமனில் பாஸ் வாசித்து வளர்ந்தவர். 1950களின் தொடக்கத்தில் ஜெர்மன் ஜாஸ் ரசிகர்களின் வாக்கெடுப்பில் சிறந்த பாஸ் கலைஞராக வந்தவர். ருமேனியக் கலைஞர் கியோர்கே ஜம்ஃபிரின் பேன் புல்லாங்குழலை முன்னே நிறுத்தி, தம் முழுக் குழுவையும் அதன் பின்னால் அடக்கி வாசிக்க வைத்தவர். 'தனிமையான மேய்ப்பன்' என்ற அந்த இசையை ஒருமுறை கேட்டிருந்தால் போதும். ஒதுங்கி நிற்கத் தெரிந்த ஆர்க்கெஸ்ட்ராக்காரர் அவர் என்பது விளங்கும்.

அஸ்ட்ரூட்டுக்குத் தேவைப்பட்டதும் அதுதான். அவர் குரலை நெருங்கிக் கேளுங்கள். அசைவு இல்லை, அலங்காரம் இல்லை. கமகத்தில் ஊறிய நம் காதுக்கு முதலில் வெறுமையாகக்கூடத் தோன்றும். ஒரு சுரத்தைத் தொட்டு, அதை ஆட்டாமல் அப்படியே வைத்துவிட்டுப் போய்விடுவார். வரியின் கடைசிச் சொல் பாதி மூச்சாகவே வெளியே வரும். இந்தக் குரலின் மேல் வயலின்களைக் கொட்டினால் அது மூழ்கிப்போகும். இரவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு 'பிளஸ்' கேட்கும்போது அது மூழ்கவில்லை. அந்தக் காலத்து கீபோர்டுகளின் பளபளப்பு சில இடங்களில் எனக்கும் உறுத்துகிறது, மறைக்க மாட்டேன். ஆனால் குரல் நாற்பதுகளின் நடுவில் இருக்கும் பெண்ணின் குரல், 1963இல் 23 வயது நிறையப் பத்து நாள் இருந்தபோது பாடியவரின் குரல் அல்ல. வாழ்ந்து வந்த குரல். அதைக் கேட்கவே ஆசையில்லாமல், அந்த இளம்பெண்ணையே திரும்பத் திரும்பப் பாடச் சொல்வது என்ன ரசனை?

இன்னொன்றும் கேட்க வேண்டும். 1966இல் இதே பாடகி ஜாஸ் இசைக்கோவையாளர் கில் எவான்ஸ் கோத்த இசையில் பாடிய தட்டை நீங்கள் மரியாதையோடு பேசுகிறீர்கள். அதிலும் பெரிய குழுதான், அதே குரல்தான். நடத்தியவரின் பெயர் ஜாஸ் வட்டாரத்தில் உயர்ந்தது என்பதால் அங்கே காது திறக்கிறது, இங்கே மூடிக்கொள்கிறது. அஸ்ட்ரூட்டின் தந்தை ஜெர்மானியர், மொழி ஆசிரியர். அந்த மகள் ஜெர்மன் ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்தது ஓர் அழகான சந்திப்பு என்று எழுதக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

புகழ்ந்து எழுதுங்கள் என்று கேட்கவில்லை. முழுவதும் கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்று எழுதினாலும் ஏற்றுக்கொள்கிறேன். அடுத்து அவரைப் பற்றி எழுத உட்காரும்போது, 1964 என்று எழுதி முற்றுப்புள்ளி வைக்கும் முன் இந்தத் தட்டின் முதல் பக்கத்தையாவது ஒருமுறை ஓடவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு ரசிகன்