திரைப்பட ரசிகர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராதவர்களுக்கும்கூட, வணக்கம்.

இவ்வாண்டு திரையிடல்கள் மாதம் தவறாமல் நடந்தன. பொங்கல் விழா வழக்கம்போல. செயற்குழு 4 முறை கூடியது; 1 முறை மட்டும் கூட்டம் நடத்தப் போதுமான குறைந்தபட்ச வருகை இருந்தது.

ஆகஸ்ட் மாதம் திரையிட்ட 'ட்விஸ்ட்' நடனப் பட வரிசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சங்கப் பணத்தில் செயலாளர் ஆட்டம் பாட்டம் காட்டினார் என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. 'த ட்விஸ்ட்' என்பது அமெரிக்கப் பாடகர் ஹாங்க் பாலார்டின் இசைத்தட்டில் பின்பக்கமாக 1959இல் வந்த பாட்டு. அதைச் சப்பி செக்கர் 1960இல் பாடி முதலிடத்துக்குக் கொண்டுபோனார். 1962 ஜனவரியில் அதே தட்டு மறுபடியும் முதலிடம். நியூயார்க் 45ஆம் தெருவின் பெப்பர்மின்ட் லவுஞ்ச் என்ற இரவு விடுதியில் பெரிய மனிதர்களும் இடுப்பை ஒடிக்க ஆரம்பித்த பிறகு ஹாலிவுட் சும்மா இருக்குமா? தயாரிப்பாளர் சாம் காட்ஸ்மேன், தாம் 1956இல் தயாரித்த ராக் அண்ட் ரோல் படக் கதையையே தூசி தட்டி, 1961இல் 'ட்விஸ்ட் அரவுண்ட் த கிளாக்' ஆக்கினார். கதை சுமார்தான், மறுக்கவில்லை. ஆனால் சிகரெட்டைக் காலால் நசுக்குவதுபோல, துண்டால் முதுகைத் துடைப்பதுபோல, கைகூடக் கோக்காமல் ஒரு ஜோடி ஆடுகிறதே, அந்த ஆண்டுகளின் இளவட்டங்களை வேறெங்கே பார்ப்பது? அந்தக் காற்று 1964இல் 'காதலிக்க நேரமில்லை' வரை வீசியது. பாலையாவிடம் வேலை கேட்டு ரவிச்சந்திரன் குழு போட்ட ஆட்டத்துக்குக் கைதட்டியவர்கள்தானே நாம்?

காட்ஸ்மேன் படத்தைத் திரையிட்ட அன்று வந்தவர்கள் 9 பேர், வாட்ச்மேனையும் சேர்த்து. அடுத்த வாரம் பிரெஞ்சு இயக்குநர் கோதாரின் 'பாந்த் ஆ பார்'; நாற்காலி போதவில்லை. அதிலும் மூவர் காபிக் கடையில் ஆடுவது மேடிசன் என்ற அமெரிக்க ஆட்டம்தான். பிரெஞ்சில் ஆடினால் கலை, காட்ஸ்மேன் காட்டினால் கூத்தா?

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய சரி. பொருளாளர் வெளியூரில் இருப்பதால் விவரம் பின்னர் சுற்றுக்கு விடப்படும். நாற்காலி வாடகையில் ஒரு பகுதியை நான் கைப்பணத்திலிருந்து கொடுத்தேன், கேட்பதற்காகச் சொல்லவில்லை. உறுப்பினர் 46 பேரில் 19 பேர் சந்தா பாக்கி. பெயர் சொல்வது பண்பல்ல. முன்வரிசையிலும் சிலர் இருக்கிறார்கள்.

மண்டபம் தந்தவர்களுக்கும், ஒலிபெருக்கி தந்த நண்பருக்கும், சுண்டல் செய்தளித்த சகோதரிகளுக்கும் நன்றி.

வரும் ஆண்டு ட்விஸ்ட் வரிசையின் இரண்டாம் பகுதியைத் திட்டமிட்டிருக்கிறேன். வேண்டாமென்றால் பொறுப்பை ஏற்க யாரும் தாராளமாக முன்வரலாம். மண்டபச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. பாக்கியைக் கட்ட வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

செயலாளர்