கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கடிகார முன்னோடிகள் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஜெர்மனியின் அடால்ஃப் லாங்கேயையும் அமெரிக்காவின் ஆரோன் டென்னிசனையும் அருகருகே நிறுத்தி, முன்னவர் ஜெயித்தார், பின்னவர் வீழ்ந்தார் என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். முப்பத்தெட்டு வருஷம் வாட்ச் ரிப்பேர் செய்து பிழைத்தவன் நான். எனக்கு இதில் உடன்பாடில்லை.

லாங்கே பெரிய மனிதர்தான், மறுக்கவில்லை. வெள்ளிச் சுரங்கம் ஓய்ந்து சோற்றுக்குத் தவித்த கிளாஸ்ஹுட்டே என்ற மலையூரில், 1845-இல் சாக்சனி அரசிடம் கடன் வாங்கி, 15 பையன்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார். 1848 முதல் 18 ஆண்டுகள் அந்த ஊருக்கு அவரே மேயர். 1895-இல் சிலையும் வைத்தார்கள். அதே 1895-இல்தான் டென்னிசன் இங்கிலாந்தில் இறந்தார்.

டென்னிசன் மெய்ன் மாநிலத்துச் செருப்புத் தொழிலாளியின் மகன். ஸ்பிரிங்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையில் ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொரு துப்பாக்கிக்கும் பொருந்துவதைப் பார்த்துவிட்டு, வாட்சையும் இப்படிச் செய்தால் என்ன என்று கேட்டார். அதுவரை ஒவ்வொரு சக்கரத்தையும் அந்தந்த வாட்சுக்கென்று அரத்தால் ராவிப் பொருத்துவார்கள். ஒன்று உடைந்தால் புதிதாகக் கடைந்தாக வேண்டும். ஊரார் அவரைப் பைத்தியக்காரன் என்றார்கள். 1850 வாக்கில் கூட்டாளிகளுடன் பாஸ்டனை அடுத்த ராக்ஸ்பரியில் வாட்ச் தொழிற்சாலை ஆரம்பித்து, 1854-இல் பக்கத்து ஊரான வால்தமுக்கு மாறினார். தேவையான மெஷின்கள் எதுவும் விலைக்குக் கிடைக்காத காலம். எல்லாவற்றையும் தாங்களே செய்ததில் பணம் கரைந்தது. 1857-இல் திவால். ஏலத்தில் ராயல் ராபின்ஸ் என்பவர் 56,500 டாலருக்கு எடுத்தார். டென்னிசன் அங்கேயே சம்பளத்துக்கு வேலை பார்த்தார். சாமானியன் வாங்கும்படி மலிவு வாட்ச் போடலாம் என்று அவர் வாதாடியது முதலாளிக்கு ருசிக்கவில்லை. சில வருஷங்களில் வெளியே அனுப்பினார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் வாங்கிக் குவித்தது என்னவோ அதே கம்பெனி போட்ட மலிவு வாட்சைத்தான்!

1864-இல் தொடங்கிய ட்ரெமான்ட் கம்பெனியும் 1868-இல் மூடியது. உங்கள் கட்டுரை இங்கே முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. மனிதருக்கு இன்னும் இருபத்தேழு வருஷம் ஆயுள் பாக்கி இருந்ததே! இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் குடியேறி வாட்ச் கேஸ், அதாவது வாட்சின் வெளிக்கூடு, செய்யும் தொழிலைத் தொடங்கினார். அந்தக் கம்பெனி பிற்காலத்தில் ரோலெக்ஸ், ஒமேகாவுக்கெல்லாம் கேஸ் செய்து கொடுத்தது. (இளமையில் அட்டைப்பெட்டி செய்து பார்த்துவிட்டுத் தம்பியிடம் விட்ட சின்னத் தொழில்கூட லேபிள் உலகில் ஏவரி டென்னிசன் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது.) 1876-இல் பிலடெல்பியா பொருட்காட்சிக்கு வந்த ஸ்விஸ்காரர் ஜாக் டேவிட், டென்னிசன் தொடங்கிவைத்த அந்த அமெரிக்க முறையைப் பார்த்து அரண்டுபோய், நாமும் மாறாவிட்டால் பிழைப்பில்லை என்று ஊருக்கு அறிக்கை எழுதினார்.

என் மேஜைக்கு எச்.எம்.டி. வாட்ச் வரும். பேலன்ஸ் ஸ்டாஃப், அதாவது உள்ளே ஆடும் சக்கரத்தின் மெல்லிய அச்சு, ஒடிந்திருக்கும். நம்பரைச் சொன்னால் மெட்ராஸிலிருந்து பாக்கெட்டில் புதுசு வரும், மாட்டினால் ஓடும். அந்தப் பாக்கெட்டைப் பிரிக்கும்போது ஒருநாளும் டென்னிசனை நினைத்ததில்லை. பழைய இங்கிலீஷ் வாட்ச் ஒன்றிரண்டின் பின்மூடிக்குள் அவர் பெயரைப் பார்த்திருக்கிறேன். ஏதோ பிராண்ட் என்று துடைத்து மூடிவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வாட்ச் மெக்கானிக்,
கும்பகோணம்