அங்கவடி இல்லாத ஒரு மாதம்

அன்புள்ள முருகேசா,

மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். உடனே பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, தொடை வலி. நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. சிரிக்காதே.

குதிரையேற்றம் பழகுகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? இந்த மாதம் மாஸ்டர் ஸ்டிரப்பை எடுத்துவிட்டார். தமிழ் ஐயா அங்கவடி என்று சொல்லித் தந்தாரே, சேணத்திலிருந்து வாரில் தொங்கும் கால் வளையம், அதுதான். வலது வாரை முதலில், இடது வாரை அதன்மேல், சேணத்துக்கு முன்னால் குறுக்காகப் போட்டார். இடது மேலே இருந்தால்தான் அடுத்து ஏறும்போது அதை மட்டும் இறக்கிக்கொள்ளலாமாம்.

மெதுநடையில் ஒன்றும் தெரியவில்லை. துள்ளோட்டம் தொடங்கியதும் பயத்தில் முழங்காலை இறுக்கினேன். ஈரச் சோப்பை அழுத்தினால் கையை விட்டு எகிறுமே, அப்படி எகிறினேன். பிடரியைப் பிடித்துத் தொங்கினேன். நீ எனக்கு சைக்கிள் பழக்கியபோது குரங்கு பெடலில் பாரைப் பிடித்துத் தொங்கினேனே, அதே தொங்கல். கிழட்டுக் குதிரை காதைப் பின்னுக்கு மடக்கியது. "உங்க வலியை விடுங்க, அதுக்கு முதுகு வலிக்கும்" என்று மாஸ்டர் நிறுத்திவிட்டார். அப்புறம் ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம்தான்.

அலெக்சாண்டர் கி.மு. 326இல் பியாஸ் ஆறு வரை வந்ததே அங்கவடி இல்லாமல்தானே என்று ஒருநாள் கிண்டலடித்தார். உண்மைதான். சீனாவில் கி.பி. 4ஆம் நூற்றாண்டுக் கல்லறைப் பொம்மையில்தான் ஜோடி அங்கவடி முதலில் தென்படுகிறது. வியன்னாவின் ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூலில் புதியவர்களுக்குக் கடிவாளமும் கிடையாது, ஸ்டிரப்பும் கிடையாது. நீளக் கயிற்றில் வட்டமாக ஓடும் குதிரைமேல் மாதக்கணக்கில் உட்கார வைக்கிறார்கள்.

மூன்றாவது வாரம் கால்களை இடுப்பிலிருந்து சும்மா தொங்கவிட்டேன். குதிரையின் முதுகு இடமும் வலமுமாக மாறி மாறி இறங்குவது அப்போதுதான் உறைத்தது. என் இடுப்பும் கூடவே இறங்கியது. இன்னொன்றும் தெரிந்தது: இத்தனை நாள் நான் உட்காரவே இல்லை, வலது ஸ்டிரப்பில் நின்றுகொண்டிருந்திருக்கிறேன். அது இல்லாமல் போனதும் உடம்பு வலப்பக்கமே சரிந்தது. அந்தச் சரிவு இன்னும் முழுசாகப் போகவில்லை.

நேற்று ஸ்டிரப்பைத் திருப்பித் தந்தார். கால் வைத்தால் முழங்கால் மூக்கை இடிக்கும் போல் இருந்தது. யாரோ வாரைக் குட்டையாக்கிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போனேன். அதே துளைதானாம். இரண்டு துளை இறக்கிக் கட்டிக்கொண்டேன்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். உன் திண்ணையில் ஒரு தலையணை போட்டு வை.

உன்,
சேகர்