அந்த நீல நிற பேட்டரியை முதலில் வெட்டி எடு

அன்புள்ள மகனுக்கு,

பழைய விளையாட்டுகளுக்காக நீ கட்டும் தொண்ணூறுகளின் 486 ரகக் கணினியின் மதர்போர்டை, பாகங்களெல்லாம் பொருந்தும் அந்தத் தாய்ப்பலகையை, நீ அனுப்பிய படத்தில் நேற்றிரவு பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மற்றதையெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். இந்தக் கடிதத்தை முழுவதும் படிப்பதற்கு முன்பே நீ செய்தாக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கீபோர்டு செருகும் வட்டமான இணைப்புக்குப் பக்கத்தில், விரல் பருமனில், நீல உறை போட்ட உருளை ஒன்று படுத்திருக்கிறதே, அது நிக்கல்-காட்மியம் பேட்டரி. அதன் ஒரு முனையில் பச்சை பூத்திருக்கிறது. கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரமும் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் உள்மென்பொருள்) அமைப்புகளும் மறந்துபோகாமல் இருப்பதற்காக, 3.6 வோல்ட் தரும் இந்தப் பேட்டரியை அந்நாளில் பலகையிலேயே பற்றவைத்துத் தந்தார்கள். வயதாக ஆக அதிலிருந்து காரத் திரவம் கசிந்து, மேற்பூச்சுக்கு அடியில் புகுந்து, செம்புத் தடங்களை அரித்துக்கொண்டே போகும். கணினி ஓட வேண்டும் என்பதில்லை. அலமாரியில் சும்மா கிடந்தாலும் அரிப்பு நிற்காது. ஆகவே, பலகைக்கு மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் ஆசையை இன்னும் சில நாள்களுக்கு அடக்கிக்கொள்.

பேட்டரியின் கால்களைச் சிறிய கட்டரால் வெட்டி அதை அப்புறப்படுத்து. காட்மியம் நஞ்சு, கையுறை போட்டுக்கொள், குப்பையில் வீசிவிடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடு. கசிந்திருப்பது காரம் என்பதால் அதை முறிக்க வெள்ளை வினிகர் போதும். பஞ்சுக் குச்சியில் தொட்டு வைத்தால் மெல்ல நுரைத்து அடங்கும். பிறகு காய்ச்சி வடித்த நீரால் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் மறுபடியும் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடு. காய்ந்தபின் மல்டிமீட்டரைத் தொடர்பு இருந்தால் ஒலிக்கும் நிலையில் வைத்து, அந்த மூலையிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு தடத்தையும் இரண்டு முனைகளிலும் தொட்டுப் பார். கீபோர்டு கட்டுப்பாட்டுச் சிப்பும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்; பலகை உயிர்பெற்று கீபோர்டு மட்டும் வேலை செய்யவில்லை என்றால், அறுந்த தடத்தை அங்கேதான் தேட வேண்டும். காலியான இடத்தில் நாணய வடிவிலான சிஆர்2032 பேட்டரியைப் பற்றவைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. பழைய பேட்டரிக்கு மின்னேற்றுவதற்காகப் பலகை அந்த இடத்திற்கு மின்சாரம் அனுப்பிக்கொண்டே இருக்கும். இந்த லித்தியம் பேட்டரியோ மின்னேற்றக் கூடாதது. பக்கத்தில் நான்கு ஊசிகள் தெரிகின்றனவே, அவை வெளிப் பேட்டரிக்கான இணைப்பாக இருக்க வேண்டும். பலகையின் கையேட்டைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, கம்பியை நீளமாக விட்டு, புதிய பேட்டரியைப் பலகையை விட்டுத் தள்ளி வை.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதை இத்தனை ஆண்டுகளாக உன்னிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன். நீ எழுத்துக் கூட்டிப் படித்த, விளையாடிய நம் 486 கணினியை யாருக்கோ கொடுத்துவிட்டதாக நான் சொன்னது உண்மையல்ல. 1999-இல் நம் வீட்டுக்கு அதைவிட வேகமான பென்டியம் கணினி வந்ததும், நீ பெரியவனான பிறகு உனக்குத் தர வேண்டும் என்று நினைத்து, அந்தப் பழைய கணினியைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். 15 ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது மதர்போர்டின் ஒரு மூலை பாசி பிடித்த படிக்கட்டைப் போல் இருந்தது. கீபோர்டு இணைப்பை விரலால் தொட்டேன்; அது கையோடு வந்துவிட்டது. அலுவலகத்தில் மற்றவர்களுடைய கணினிகளை ஆண்டுக்கணக்கில் பழுது பார்த்தவள், என் மகனுக்காக எடுத்து வைத்த கணினியில் ஒரு பேட்டரியைக் கழற்றி வைக்கத் தவறிவிட்டேன். அறுந்த தடங்களுக்குப் பதிலாகத் தலைமுடி போன்ற கம்பிகளை ஒவ்வொன்றாகப் பற்றவைத்துப் பல வாரங்கள் போராடினேன். திரையில் ஓர் எழுத்துகூட வரவில்லை. உன்னிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உன் படத்தில் அதே பச்சையைப் பார்த்ததும்தான் சொல்லியே தீர வேண்டும் என்று தோன்றியது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். இந்தப் பலகையோடு மல்லுக்கட்டுவதற்குப் பதிலாக ஒரு பென்டியம் 3 வாங்கி விண்டோஸ் 98 போட்டுவிட்டால் பழைய விளையாட்டு, புதிய விளையாட்டு எல்லாமே ஓடிவிடாதா என்று கேட்டிருக்கிறாய். ஓடாது, கண்ணா, ஓடினாலும் சரியாக ஓடாது. பழைய கணினி கட்டுகிறவர் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது ஆண்டை. உதிரிபாகம் அதற்குப் பிறகுதான். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அந்தக் காலத்தில் எழுதிய பல விளையாட்டுகள் கடிகாரத்தைப் பார்த்து ஓடவில்லை. பிராசஸர் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு வேகமாக ஓடின. பின்னால் வந்த வேகமான கணினியில் அவற்றைப் போட்டால், கதாநாயகன் காலடி எடுத்து வைப்பதற்குள் செத்துப்போவான். பெட்டியின் முகப்பில் டர்போ பொத்தான் இருந்தது அதற்காகத்தான். வேகத்தைக் கூட்டுவது போன்ற பெயர் அதற்கு, ஆனால் அதன் உண்மையான பயன் வேகத்தைக் குறைப்பது. நீ எதிரியிடம் மாட்டிக்கொள்ளும் போதெல்லாம் அந்தப் பொத்தானை அழுத்தித் தப்பிப்பாயே, அது நினைவிருக்கிறதா? பக்கத்தில் 66 என்று பச்சையாக எரியுமே, அந்த எண் எதையும் அளந்து காட்டியதில்லை. உள்ளே ஜம்பர்கள் என்னும் சிறு இணைப்பு மூடிகளை எப்படிச் செருகுகிறோமோ அந்த எண்ணைக் காட்டும், அவ்வளவுதான்.

வேகம் அதிகமானால் நின்றே போகிறவையும் உண்டு. டர்போ பாஸ்கல் என்ற நிரலாக்கக் கருவியில் எழுதிய பல நிரல்கள் வேகமான பென்டியம் கணினிகளில் தொடங்கும்போதே 'ரன்டைம் எரர் 200' என்று சொல்லி வெளியேறிவிடும். தாமதத்தைக் கணக்கிடுவதற்காக அவை தொடக்கத்தில் ஒரு சுழற்சி எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை 55-ஆல் வகுக்கும். பிராசஸர் மிக வேகமாக இருந்தால் விடை 16 பிட் இடத்தில் அடங்காமல் போகும். எழுதியவர் இவ்வளவு வேகம் வரும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. பென்டியத்தில் கேஷ் என்னும் அதிவேக நினைவகத்தை அணைத்து வேகத்தைக் குறைக்கலாம் என்பது எனக்கும் தெரியும், செய்தும் பார்த்திருக்கிறேன். ஒரு விளையாட்டுக்குச் சரியாக இருக்கும், அடுத்தது இழுத்து இழுத்து மெதுவாக ஓடும்.

உன்னிடம் இருக்கும் 486 டிஎக்ஸ்2-66 ஓர் அருமையான காலத்தைச் சேர்ந்தது. 1993 டிசம்பரில் வந்த டூம் விளையாட்டு முழு எண் கணக்குகளை வைத்தே எழுதப்பட்டது. அதனால் இந்தப் பிராசஸரில் நன்றாக ஓடும். 1996-இல் வந்த குவேக்கை இதில் போட்டுப் பார்த்து மனம் நோகாதே. அது பென்டியத்தின் வேகமான மிதவைப்புள்ளி (தசம எண்) கணக்கை நம்பி எழுதப்பட்டது. உன் பலகையில் வழக்கமான கறுப்பு ஸ்லாட்டுகளின் நீட்சியாகப் பழுப்பு நிறத்தில் இன்னொரு ஸ்லாட்டு இருப்பதைக் கவனித்தாயா? அது வெசா லோக்கல் பஸ். சாதாரண ஐஎஸ்ஏ ஸ்லாட்டு 16 பிட் அகலத்தில் ஏறத்தாழ 8 மெகாஹெர்ட்ஸில் நடக்க, இது 32 பிட் அகலத்தில் பிராசஸரின் பஸ் வேகமான 33 மெகாஹெர்ட்ஸில் ஓடும். திரையைத் திரும்பத் திரும்ப நிரப்பும் விளையாட்டுக்கு அந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். எனவே கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் இந்த ஸ்லாட்டுக்கு உரியதாகவே தேடி வாங்கு. செருகும்போது பலகைக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்துத் தாங்கிக்கொள். அந்த நீளமான கார்டு எளிதில் இறங்காது, அழுத்தினால் பலகை வளையும். ராம் 16 மெகாபைட் தாராளம்.

பழைய கணினியை இன்றைய கணினிக்குள் போலச்செய்து காட்டும் டாஸ்பாக்ஸ் போன்ற எமுலேட்டர் இருக்கும்போது இவையெல்லாம் எதற்கு என்று உன் நண்பர் கேட்டதாக எழுதியிருந்தாய். 2002 முதல் இருந்துவரும் அந்த மென்பொருளை நானும் நன்றியோடுதான் பயன்படுத்துகிறேன். பல விளையாட்டுகள் அழியாமல் இருப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் எனக்கு விளையாட்டு மட்டும் போதவில்லை. மின்விசை போட்டதும் ஹார்ட் டிஸ்க் மெல்ல மெல்லச் சுருதி ஏறிச் சுழலத் தொடங்குவதும், ராம் எண்ணிக்கை திரையில் ஓடுவதும், ஃப்ளாப்பி ஒருமுறை உறுமிவிட்டு அடங்குவதும், கடைசியில் அந்த ஒற்றை ஒலியும் வரிசையாக நடக்க வேண்டும். ஒவ்வோர் ஒலியும் இன்ன பாகம் நலமாக இருக்கிறது என்று எனக்குச் சொன்னது. அந்த ஒலிகளைக் கேட்டே எது பழுது என்று சொல்லும் அளவுக்கு அந்தக் கணினியை நான் அறிந்திருந்தேன். அதற்குப் பிறகு வந்த எந்தக் கணினியையும் நான் அப்படி அறிந்ததில்லை.

சவுண்ட் கார்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பணத்தையும் பொறுமையையும் அதில் செலவிடுவது தகும். 1992-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16 கிடைத்தால் வாங்கு. அதில் யமஹாவின் ஓபிஎல்3 என்ற இசைச் சிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்கு, ஏனென்றால் அதே பெயரில் பிற்பாடு வந்த சில கார்டுகளில் அதைப் போலச் செய்யும் வேறொரு சிப்பு இருக்கிறது. காது பழகியவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். ஓபிஎல்3-இல் எந்த இசைக்கருவியின் பதிவும் இல்லை. ஓர் அலையால் இன்னோர் அலையை நெளித்து, அந்த நெளிவிலிருந்து ஒலியை உருவாக்குகிறது. அதனால் அதன் எக்காளம் எக்காளம் போலவும் இருக்கும், உலகில் இல்லாத ஏதோ ஒரு கருவி போலவும் இருக்கும். அந்நாளைய இசையமைப்பாளர்கள் பலர் அந்தக் குரலை மனத்தில் வைத்தே இசையமைத்தார்கள். முகவரி 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1 என்று அமைத்துவிடு. ஐஆர்க்யூ 7 வேண்டாம், அது பிரிண்டர் இணைப்போடு மோதும். இந்த மூன்று எண்களையும் ஐந்து வயதில் நீ வாய்ப்பாடு போல் ஒப்பிப்பாய். புதிய விளையாட்டை நிறுவும்போது திரையில் கேள்வி வந்ததும், நான் கேட்பதற்கு முன்பே, "இருநூற்று இருபது, ஐந்து, ஒன்று" என்று என் மடியிலிருந்து குரல் வரும். அவை எதைக் குறிக்கின்றன என்று ஒருநாள் கேட்டாய். கதவு எண், அழைப்பு மணி, பின்வாசல் என்று சொன்னேன். இன்றும் அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

இன்னொரு போராட்டம் உனக்குக் காத்திருக்கிறது: 640 கிலோபைட். எத்தனை மெகாபைட் ராம் போட்டாலும் விண்டோஸுக்கு முந்திய இயங்குதளமான டாஸில் ஓடும் விளையாட்டுகள் பல முதலில் கேட்பது அந்த முதல் 640-இல் எவ்வளவு காலியாக இருக்கிறது என்பதைத்தான். ஹைமெம், இஎம்எம்386 என்ற நினைவக நிரல்களை ஏற்றி, டாஸை மேலே அனுப்பி, மவுஸ் டிரைவரையும் சிடி டிரைவரையும் மேல் நினைவகத்தின் இடுக்குகளில் ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். பெரியதை முதலில் ஏற்றினால் சிறியவை மீதி இடத்தில் அமரும். ஒருமுறை ஒரு விளையாட்டுக்கு 19 கிலோபைட் குறைந்தது. நீ காத்திருந்து காத்திருந்து நாற்காலியிலேயே தூங்கிவிட்டாய். நள்ளிரவு தாண்டி இடம் கிடைத்தது. உன்னை எழுப்பவா வேண்டாமா என்று யோசித்து, எழுப்பினேன்.

மின்சாரத்தில் கவனம். பழைய ஏடி பவர் சப்ளை பயன்படுத்தினால், பலகைக்கு வரும் இரண்டு செருகிகளிலும் கறுப்புக் கம்பிகள் நடுவில் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க வேண்டும். மாற்றிச் செருகினால் பலகை போய்விடும். முகப்பில் இருக்கும் ஸ்விட்சுக்குச் சுவர் மின்சாரமே நேராக வரும் என்பதால் அதன் முனைகளை உறையிட்டு மூடு. என் விருப்பம், புதிய ஏடிஎக்ஸ் சப்ளையை மாற்றுக் கம்பியோடு இணைத்துவிடு என்பது. பிக்சர் டியூப் மானிட்டர் கிடைத்தால் மகிழ்ச்சி, ஆனால் அதைத் திறக்காதே. அணைத்த பின்னும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். பெட்டி மஞ்சளாகிவிட்டது என்று ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைக்கிறார்கள். எனக்கு அந்த மஞ்சள் பிடித்திருக்கிறது, நீ உன் விருப்பப்படி செய்.

கடைசியாக, இந்தக் கடிதத்தோடு ஒரு சிறிய அட்டை வைத்திருக்கிறேன். நம் 486-இல் மதர்போர்டுதான் போயிற்று. 212 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் தப்பியது. அது நின்றுபோவதற்குள் பென்டியத்தில் மாட்டி, எல்லாவற்றையும் 256 மெகாபைட் காம்பாக்ட் ஃப்ளாஷ் நினைவக அட்டைக்கு மாற்றிவிட்டேன். அந்த அட்டைக்கு ஹார்ட் டிஸ்க் பேசும் ஐடிஇ மொழி இயல்பாகவே தெரியும். ஒரு சிறு மாற்றுப் பலகை இருந்தால் போதும், ஹார்ட் டிஸ்க் என்றே உன் கணினி நம்பும். பெரிய அட்டையாக வாங்கித் தரலாமே என்று நினைக்காதே: 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்று டிஸ்க்கின் இடத்தைப் பிரித்து எண்ணும் கணக்குக்கு மேல் அந்தக் காலத்து பயாஸ் பலவற்றுக்கு எண்ணத் தெரியாது, அதாவது 504 மெகாபைட்டுக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது. பயாஸில் ஹார்ட் டிஸ்க்கைத் தானாகக் கண்டறியும் பகுதிக்குப் போய் ஒப்புக்கொண்டால் போதும்.

அதில் உன் பெயரில் ஒரு டைரக்டரி இருக்கிறது. சேமித்த ஆட்டங்கள் ஆறு. கடைசி ஆட்டத்தின் தேதி 1998 டிசம்பர் 27, நேரம் இரவு 11:52. அந்த நேரத்தில் நீ தூங்கிக்கொண்டிருந்தாய் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

டாஸ் 6.22 தொடங்கும்போது ஒரு மெனு வரும். தொடக்க அமைப்புகளைச் சொல்லும் கான்ஃபிக் கோப்பில் நான் எழுதி வைத்தது. முதல் வரியில் உன் பெயர், இரண்டாவது வரியில் என் அலுவலக வேலை. அப்போது உனக்கு விசையைத் தேடிக் கண்டுபிடிக்க நேரமாகும் என்பதால் ஓர் ஏற்பாடு செய்திருந்தேன், அதை இன்றுவரை மாற்றவில்லை. ஐந்து நொடி எதையும் அழுத்தாமல் இரு. அது தானாகவே உன் பெயரைத் தேர்ந்துகொள்ளும்.

அன்புடன்,
அம்மா